பாயின்ட்டும் கூப்பனும் ஒரே பில்லில் ஏறாததற்கு

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் 2,300 ரூபாய்க்குத் துணி எடுத்தீர்கள். 2,000-க்குக் குறையாமல் வாங்கினால் 300 கழிவு என்ற கூப்பனும் கடை கார்டில் 450 ரூபாய்க்குப் பாயின்ட்டும் இருந்தும், ‘ரெண்டுல ஒண்ணுதான்’ என்று சொல்லிவிட்டார்கள். எரிச்சல் நியாயம்தான்.

எதை முதலில் போட்டார்கள் என்று கேட்டீர்களா? பாயின்ட்டை முதலில் கழித்தால் பில் 1,850-க்கு இறங்கிவிடும், கூப்பன் செல்லாது. கூப்பனை முதலில் போட்டால் 2,000; அதில் பாயின்ட்டைக் காசு மாதிரி வரவு வைத்தால் கையிலிருந்து 1,550 போதும். பல கடைகளில் கூப்பன் தள்ளுபடிக் கணக்கு, பாயின்ட் பணக் கணக்கு. கேஷியருக்கே இது தெரியாமல் இருக்கலாம், மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். தீபாவளிக் கூட்டத்தில் வேண்டாம், யாருக்கும் காது கேட்காது.

கூப்பன் பின்னால் பொடி எழுத்தில் ‘பிற சலுகைகளுடன் சேராது’ என்று இருந்தால் வாதாடிப் பயனில்லை. இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். 2,000-க்குக் குறையாமல் ஒன்று, அதில் கூப்பன். மீதி 300 ரூபாய்ச் சாமான் தனி பில், அதைப் பாயின்ட்டிலேயே முடித்துவிடலாம். கையிலிருந்து 1,700 போகும், பாயின்ட் 150 மிஞ்சும். அப்புறம், பாயின்ட்டைக் கழிக்க ஓடிபி கேட்கலாம், அது வரும் போன் கையில் இருக்கட்டும்; கார்டு அப்பா பெயரில் இருந்தால் அவரும் வர வேண்டியிருக்கும்.

எங்கேயும் நிபந்தனை அச்சிடாமல் வாயால் மட்டும் மறுத்தால், கூப்பனையும் பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.