பவர் ஸ்டீயரிங் பம்ப் பெல்ட்டை கழட்டினப்புறம் ஸ்டீயரிங் ஏன் இவ்ளோ டைட்டு?

பெல்ட்டை மட்டும் கழட்டினா மேனுவல் ஸ்டீயரிங் ஆகிடாது, அதான் பார்க்கிங்ல கை வலிக்குது. ரேக் (ஸ்டீயரிங் சுத்துறதை வீலுக்குக் கொண்டு போற பல் வச்ச தண்டு) உள்ள பிஸ்டனும் ஆயிலும் அப்படியே இருக்கு, நீங்க திருப்புற ஒவ்வொரு தடவையும் அந்த ஆயிலை சின்ன வால்வு ஓட்டை வழியா கையாலயே தள்ளிட்டிருக்கீங்க. போதாததுக்கு பவர் ரேக்ல ரேஷியோவும் பொதுவா வேகமானது, கம்மி சுத்துல வீல் திரும்பும், அதுக்கேத்த பலத்தை முன்னாடி பம்ப் குடுத்துச்சு, இப்ப உங்க தோள் குடுக்குது.

ஒண்ணு பண்ணுங்க. முன்பக்கம் ஜாக்கி போட்டு ஸ்டாண்ட் வச்சு ரெண்டு வீலையும் தூக்கி, இன்ஜின் ஆஃப்ல ஸ்டீயரிங்கை லாக் டு லாக் (ஒரு கடைசில இருந்து மறு கடைசி வரைக்கும்) திருப்பிப் பாருங்க. அந்தரத்துலயும் இறுகினா ரேக்ல நிக்கிற ஆயில்தான் முதல் சந்தேகம் (இல்லன்னா ஜாயின்ட் எதாச்சும் பிடிக்குது). ஈசியா சுத்துச்சுன்னா டயர், வெயிட், ரேஷியோ சமாச்சாரம், மொதல்ல காத்து செக் பண்ணுங்க.

ஆயில்தான்னா அதை வடிச்சிட்டு ரேக்கோட ரெண்டு பக்கத்து பைப்பையும் ஒண்ணோடொண்ணு லூப் பண்ணி விடுவாங்க, கொஞ்சம் லேசாகும். ஆனா வால்வுல இருக்கிற டார்ஷன் பார்ங்கிற சின்ன கம்பி முறுகுறதால நடுவுல ஒரு தொளதொளப்பு இருக்கும். அதே மாடலுக்கு மேனுவல் ரேக் கிடைச்சா அதை மாத்துறதுதான் சரி.

முக்கியமா, அந்த பெல்ட் வாட்டர் பம்பையோ (இன்ஜினை குளிர வைக்கிறது) ஆல்டர்னேட்டரையோ (பேட்டரியை சார்ஜ் பண்றது) சேர்த்து ஓட்டுதான்னு பாத்துட்டு வண்டியை எடுங்க. மைலேஜுக்காக கழட்டினீங்கன்னா என்னைக் கேட்டா பெல்ட்டை திரும்ப மாட்டிடுங்க, மிச்சமாகுறது ரொம்ப கொஞ்சம். எலக்ட்ரிக் ஸ்டீயரிங்னா இது எதுவும் பொருந்தாது, ஃபியூஸைப் புடுங்கிட்டு ஓட்டாதீங்க.