நின்றுபோன பிக்கப் வண்டியைக் குறைந்த செலவில் மீட்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காய்கறி ஏற்றிச் செல்வதற்காக என் தந்தையார் வைத்திருந்த டாடா 207 டி.ஐ. வண்டி, அவர் காலமான பிறகு தோட்டத்தில் புளியமரத்தடியில் ஆறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. அதைச் சீராக்கி மீண்டும் சந்தைக்கு ஓட்ட விரும்புகிறேன். என்னால் 80,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். எங்கள் ஊர் மெக்கானிக், டிராக்டரில் கட்டி இழுத்து முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிடலாம், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா? (திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: தயவுசெய்து கட்டி இழுக்க வேண்டாம். ஆறு ஆண்டுகள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம். வால்வுகள் திறந்த நிலையிலேயே துருவேறி இறுகியிருக்கலாம். டிராக்டரின் இழுவிசை இவை எதையும் பொருட்படுத்தாமல் இன்ஜினைச் சுற்றவைக்கும். ரிங் உடைந்தாலோ வால்வைத் தள்ளும் புஷ்ராடு வளைந்தாலோ, சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும். பிரேக் பிடிக்காத வண்டியைக் கயிற்றில் கட்டி இழுப்பது உயிருக்கே ஆபத்தானது என்பதையும் உங்கள் மெக்கானிக்கிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, எந்த வரிசையில் செலவு செய்வது என்பதைப் பற்றியது. குறைந்த பணத்தில் தொடங்கிப் பாதியில் கைவிடப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவை, இன்ஜினிலும் பெயிண்டிலும் பணத்தை முதலில் கொட்டிவிட்டுப் பிரேக்குக்கும் டயருக்கும் மிச்சமில்லாமல் நின்றவை. ஆகவே முதலில் ஆவணங்கள், அடுத்து சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), அதன்பின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும், அதற்குப் பிறகே இன்ஜின், கடைசியில் பெயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் சோதித்துப் பார்க்க ஏறக்குறைய பணமே தேவையில்லை. வண்டி தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பவையும் அவைதாம்.

ஆவணத்திலிருந்து தொடங்குவோம். ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் தந்தையார் பெயரில்தான் இருக்கும். உரிமையாளர் இறந்தால் மூன்று மாதங்களுக்குள் வாரிசு தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளப் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. காலம் கடந்துவிட்டதால் தாமதக் கட்டணம் கேட்கக்கூடும். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும், மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களுடைய ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். வண்டியின் மேல் நிதி நிறுவனக் கடன் பதிவாகியிருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கடன் அடைந்திருந்தும் பதிவு நீங்காமல் இருந்தால், அந்த நிறுவனத்தின் கையொப்பத்துடன் படிவம் 35 தந்து நீக்க வேண்டும். மஞ்சள் பலகை (வணிக) வண்டி என்பதால் நிலுவைச் சாலை வரியும் காலாவதியான எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று அங்கேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; காப்பீட்டுத் தொகையைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஓட்டாமல் நிறுத்துவதாக உங்கள் தந்தையார் எப்போதாவது அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் கடிதத்தின் நகல் வரி நிலுவையைப் பேசும்போது மிகவும் உதவும்; பழைய டிரங்குப் பெட்டியைக்கூட விடாமல் தேடிப் பாருங்கள்.

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனத்துக்கு எஃப்.சி.யை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. எனவே இது ஒருமுறைச் செலவில்லை, வண்டி ஓடும் காலம் வரை ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் செலவு என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஆர்.சி.யில் குறித்துள்ள மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை என்பது மட்டும் இதில் ஓர் ஆறுதல்.

அடுத்தது சேஸ். இதற்கு ஒரு சிறிய சுத்தியலும் கூரான ஸ்குரூடிரைவரும் போதும். பாரப்பெட்டி சேஸின் மேல் உட்காரும் இடத்தில் மரக்கட்டை வைத்திருப்பார்கள்; மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அந்தக் கட்டைக்கு அடியில்தான் துரு முதலில் பிடிக்கும். பின்புறப் பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளும் சேஸில் பொருந்தும் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டங்களின் ரிவெட்டுகள், டீசல் டேங்கைத் தாங்கும் பட்டைகள் ஆகியவற்றைச் சுரண்டிவிட்டுத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன இரும்பு மந்தமான ஒலி தரும், ஸ்குரூடிரைவர் முனையும் உள்ளே இறங்கிவிடும். இந்த வண்டியில் எப்போதாவது யூரியாவோ பொட்டாஷோ ஏற்றியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. பாரப்பெட்டியின் தளத்து இடுக்குகளில் தங்கிய உர உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இரும்பைத் தின்னும்.

மேலோட்டமான துருவாக இருந்தால் கவலை வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினால் போதும். சிறிய ஓட்டை என்றால் தேர்ந்த வெல்டரைக் கொண்டு உரிய தடிமனுள்ள தகட்டை வைத்து அடைக்கலாம். ஆனால் சேஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டிங் வைக்க விடாதீர்கள். பாரம் ஏறியதும் அந்த இடத்திலேயே விரிசல் விடும். ஆர்க் வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி, டைனமோ இணைப்புகளைக் கழற்றி வைப்பதும், டீசல் டேங்கை வண்டியிலிருந்தே இறக்கித் தொலைவில் வைப்பதும் கட்டாயம். ஸ்பிரிங் பிராக்கெட்டைச் சுற்றி சேஸே இற்றுப்போயிருந்தால், மனம் வருந்தினாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டி வாங்கும் புதிய சரக்கு வாகனத்துக்குச் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை அளிக்க மத்திய விதியில் இடம் இருக்கிறது.

சேஸ் தேறிவிட்டால், ஆவணச் செலவு போக மிஞ்சும் தொகையில் பாதியைப் பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகியவற்றுக்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஆறு ஆண்டுகளில் அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரின் உட்சுவரையும் வீல் சிலிண்டர்களையும் அரித்திருக்கும். ஆயிலை மட்டும் மாற்றி, ஏர் எடுத்து, பெடல் கெட்டியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. வீல் சிலிண்டர்களைக் கழற்றிப் பார்த்து, உட்சுவரில் குழி விழுந்திருந்தால் புதிதாகவே வாங்கிப் போடுங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும்; அவற்றையும், துருவேறிய இரும்புப் பைப்புகளையும் மாற்றுங்கள். பிரேக்கை எளிதாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைப் பல டீசல் வண்டிகளில் டைனமோவின் பின்னால் உள்ள சிறிய பம்ப்தான் தருகிறது. டைனமோவைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3516 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் (சாலையைப் பற்றும் மேல்பகுதி) எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஒரே இடத்தில் பாரத்தோடு நின்று வெடிப்பு விட்ட பழைய டயரில் சந்தைச் சரக்கை ஏற்றாதீர்கள்.

கேள்வி: எங்களிடம் நெடுநாள் நின்ற பிக்கப் வண்டியின் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுத் திருப்பிப் பார்த்தோம், அசையவில்லை. இன்ஜின் ஜாம் என்று சொல்லி முழு ஓவர்ஹாலுக்குத் தொகை கேட்கிறார்கள். வேறு வழி உண்டா? (ஈரோடு வாசகி)

பதில்: உண்டு. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்க ஒப்புக்கொள்வதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டு, கியரும் விழுந்த நிலையில் இருந்தால், நல்ல இன்ஜினும் ஜாம் போலத் தோன்றும். ஃபேன் பெல்டைக் கழற்றுங்கள், ஏனென்றால் டைனமோவோ வாட்டர் பம்போ இறுகியிருந்தாலும் புல்லி சுற்றாது. அதன் பிறகு டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்த கலவையைச் சிறிதளவு ஊற்றி, துவாரங்களைத் துணியால் மூடிவிட்டு, சில நாள்கள் அப்படியே விடுங்கள். பிறகு ஸ்பானரை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டிப் பாருங்கள். நூலளவு அசைந்தாலே நல்ல அறிகுறி. மீண்டும் ஊற்றி, மீண்டும் காத்திருங்கள். நீண்ட பைப்பைச் செருகி வலுவைக் காட்டுவது மட்டும் கூடவே கூடாது. நாசில் இடத்தில் ஊற்றியது குறையாமல் நிற்க, கூலன்ட் மட்டும் தானாகக் குறைந்திருந்தாலோ, ஆயில் கேஜ் கம்பியில் பால் கலந்த நிறம் தெரிந்தாலோ, தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது ஹெட்டைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்ஜின் சுற்றத் தொடங்கிய பிறகும் அவசரப்படாதீர்கள். பழைய ஆயிலை வடித்துப் புதிய ஆயிலும் ஃபில்டரும் போடுங்கள். நாசில்கள் வெளியே இருக்கும்போதே செல்ஃப் போட்டுச் சுற்றவிட்டு, சிலிண்டரில் ஊற்றியதெல்லாம் பீய்ச்சி வெளியேறும்படி செய்யுங்கள். முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டுச் சுற்றினால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிடும். பழைய டேங்கில் அடியில் தேங்கிய தண்ணீரும் அதில் வளர்ந்த கரும்பாசியும் கட்டாயம் இருக்கும் என்பதால், முதல் முறை ஸ்டார்ட் செய்ய சுத்தமான கேனிலிருந்து புதிய டீசலை நேரடியாகக் கொடுங்கள். டேங்கை இறக்கிக் கழுவுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுநாள் நின்ற டீசல் பம்பின் உட்பாகம் முழு டீசல் கொடுக்கும் நிலையிலேயே ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும்; சாவியைத் திருப்பினாலும் நிற்காது. எனவே ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, காற்றுப் புகும் வாயை முழுவதும் மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையுடன் ஒருவரை அருகில் நிறுத்தி வையுங்கள். கையால் மூட முயலக் கூடாது. மூடும் கையையே உள்ளே இழுத்துவிடும்.

கேள்வி: பாடி முழுவதும் துரு. டிங்கரிங் செய்து டக்கோ பெயிண்ட் அடிக்கக் கேட்கும் கூலி எங்கள் வசதிக்கு மீறியது. என்ன செய்வது? (கடலூர் வாசகர்)

பதில்: வேலை வண்டிக்குப் பளபளப்பு தேவையில்லை; துரு நின்றால் போதும். கேபின் தரை, கதவுகளின் அடிப்பகுதி, முன் கண்ணாடியின் ரப்பருக்கு அடியிலுள்ள விளிம்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் டிங்கரை வைத்து இற்ற தகட்டை வெட்டி நீக்கிவிட்டுப் புதிய தகட்டை வைக்கச் சொல்லுங்கள். துருவின் மேலேயே புட்டி பூசி மறைப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்; அடுத்த மழைக்காலத்தில் அது கொப்புளமாகக் கிளம்பிவிடும். மற்ற இடங்களில் எமரி தேய்த்தல், ரெட் ஆக்சைடு பூசுதல், சாதாரண எனாமல் பெயிண்டைப் பிரஷ்ஷால் அடித்தல் ஆகியவற்றை வீட்டாரே செய்துகொள்ளலாம். ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடியுங்கள். நிறம் மாறினால் அதற்கும் ஒப்புதல் பெற வேண்டிவரும். சேஸ் எண் பொறித்த இடத்தை மட்டும் எமரியோ கிரைண்டரோ படாமல் பாதுகாத்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் கிரீஸ் பூசி வையுங்கள். எண் தெளிவாகத் தெரியாவிட்டால் எஃப்.சி. ஆய்வில் வண்டியை மேற்கொண்டு பார்க்கவே மாட்டார்கள்.

கேள்வி: பழைய உதிரிபாகக் கடைகளில் எவற்றை வாங்கலாம்? முழு இன்ஜினையே வாங்கிப் பொருத்தலாமா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கதவு, பானட், கண்ணாடி, இருக்கை, விளக்குக் கூடு, வைப்பர் மோட்டார், செல்ஃப், ரேடியேட்டர், கியர்பாக்ஸ் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம், கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குங்கள். பிரேக் சிலிண்டர், ஸ்டீயரிங்கின் டை ராடு எண்ட், ஹோஸ், ஆயில் சீல், டயர் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வேண்டாம். இன்ஜினை மாற்றினால் அதன் எண்ணும் மாறும் என்பதால், ஆர்.டி.ஓ. ஒப்புதலுடன் ஆர்.சி.யில் புதிய எண்ணைப் பதிய வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று குறிப்பிட்ட ரசீது தராத கடையில் இன்ஜின் வாங்கினால், திருட்டு வண்டியின் எண்ணாக இருந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: என்னிடம் கார் ஓட்டும் உரிமம் மட்டுமே உள்ளது. மஞ்சள் பலகை பிக்கப்பை நானே ஓட்டலாமா? (தேனி வாசகர்)

பதில்: ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. காப்பீடும் எஃப்.சி.யும் நடப்பில் இல்லாமல் சோதனை ஓட்டத்துக்குக்கூடச் சாலையில் இறக்காதீர்கள். தோட்டத்துக்குள் காலி வண்டியாக ஓட்டி, பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பலமுறை சோதித்து, வழியும் ஆயிலையும் கூலன்டையும் பார்த்துச் சரிசெய்துகொண்ட பிறகு, காப்பீடு எடுத்து எஃப்.சி.க்கு நாள் குறியுங்கள். அன்று முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஒளிபிரதிபலிக்கும் ஸ்டிக்கர் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்தைய நாள் மாலையே ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்துவிடுங்கள்.