நர்சிங் படிக்கலாமா, தாக்குப்பிடிக்க முடியுமா? (வடசென்னை கேள்வி பதில்)

31 வருடம் வார்டில் நின்றுவிட்டு இப்போது தண்டையார்பேட்டையில் ஓய்வாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிளஸ் டூ முடித்தவர், ராயபுரம்: பி.எஸ்சி. நர்சிங்கா, ஜி.என்.எம்.மா அக்கா?

முன்னது 4 வருடப் பட்டம், பின்னது 3 வருட டிப்ளமோ. வீட்டில் செலவு தாங்குமென்றால் பி.எஸ்சி. படி. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டுமென்றால் ஜி.என்.எம். முடித்துவிட்டு, அப்புறம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை 2 வருடத்தில் முடிக்கலாம். "ஒரே வருடத்தில் நர்ஸ்" என்று ஒட்டியிருக்கும் போஸ்டரை நம்பாதே. அதை வைத்துத் தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

ஸ்டாஃப் நர்ஸ், கொருக்குப்பேட்டை: நைட் டூட்டியில் 20 பேரைத் தனியாகப் பார்க்கிறேன். தினமும் அழுகை வருகிறது. தொழிலையே விட்டுவிடலாமா?

தொழிலை விடாதேம்மா, அந்த வார்டை விடு. பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. 20 பேரை ஒருத்தி தலையில் கட்டினால் நானும்தான் அழுவேன். அழுதிருக்கிறேன். ஒரு தனியார் இடத்தில் மருந்து மாற்றிக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதினேன்.

அடுத்து எங்கே போவது? டயாலிசிஸ் யூனிட்டில் கேட்டுப் பார். எத்தனை மெஷினோ அத்தனை நோயாளிதான், அதே முகங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். இன்னொன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் யோசிப்பதில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை, அதாவது அடிபட்டவரை முதலில் கவனிக்கும் அறை, இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நர்சுக்கும் வேலை உண்டு. மணலி, எண்ணூர் தொழிற்சாலை வாசல்களில் விசாரி. வெட்டுக்காயம், தீக்காயம், பி.பி., ரெஜிஸ்டர் என்று போகும். சில இடத்தில் அங்கேயும் ஷிஃப்ட் உண்டு, கேட்டுவிட்டுச் சேர். எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழைக் கையில் கொடுக்காதே, நகல் போதும்.

எண்ணூர்: பையன்கள் படிக்கலாமா?

தாராளமாக.

ஒரு தந்தை, திருவொற்றியூர்: தனியாரில் ஏன் அடிமைப்பட வேண்டும் சிஸ்டர்? மகளை வீட்டில் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

எத்தனை வருடம் ஐயா? எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுக்குப் படிக்கட்டும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கட்டும். வீட்டில் இருந்தால் ஊசி போடும் கை மறந்துவிடும்.

அவரே மறுபடியும்: அரசு வேலை கிடைத்துவிட்டால் கவலையே இல்லையே?

2015இல் எம்.ஆர்.பி. வழியாகப் போனவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கினார்கள். நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். அரசு வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதில்தான் ஓய்வு பெற்றேன். கிடைத்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று மகளிடம் சொல்லாதீர்கள்.

அவரே: தனியாரில் அதைவிடக் குறைவுதானே?

பல இடத்தில் உண்மை. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் நிற்கிறது. அதனால்தான் சம்பளத்தோடு நோயாளி எண்ணிக்கையையும் கேளுங்கள் என்கிறேன். மகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வியாசர்பாடி: வளைகுடா வேலைக்கு ஏஜென்ட் 3 லட்சம் கேட்கிறார்.

ஓடு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது, அங்கே போ. இவரிடமும் அசல் சான்றிதழைக் கொடுக்காதே.

பெரம்பூர்: ஒரு வருட நர்சிங் கோர்ஸ் நல்லதா?

முதல் பதிலைப் படி.

புளியந்தோப்பு: ஒரு வருட கோர்ஸில் சேர்ந்து பணமும் கட்டிவிட்டேன் அக்கா.

ரசீதை எடுத்துக்கொண்டு நாளைக்கே போய்ப் பணத்தைத் திருப்பிக் கேள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.