அவள் பேச்சு எங்கே நின்றுபோனது?

கேள்வி: என் நெருங்கிய தோழி இப்போதெல்லாம் என்னிடம் எதையும் சொல்வதில்லை. காரணம் கேட்டேன். "எதைச் சொன்னாலும் கடைசியில் அது உன் கதையாகிவிடுகிறது" என்றாள். அவள் அம்மாவின் உடல்நிலையைப் பற்றிச் சொன்னபோதுகூட, என் அம்மாவை நான் பார்த்துக்கொண்டதைப் பற்றித்தான் பேசினேனாம். ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். அவளுக்காக எவ்வளவோ செய்திருக்கிறேன். நான் தற்பெருமைக்காரியா?

பதில்: இல்லை. தற்பெருமை அடிப்பவருக்குத் தான் அடிப்பது கொஞ்சமாவது தெரியும். உங்களுக்கு நடப்பது வேறு. நமக்கே தெரியாமல் நம்மை நடுவில் வைத்துக்கொள்வது, அது ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு, நல்ல மனசுக்காரர்களிடமும் உண்டு, அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் சாதாரணப் பேச்சுகளை ஆராய்ந்து 1979-லேயே இதை எழுதினார். "ரொம்பக் களைப்பாக இருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார். "எனக்கும்தான்" என்றால் பேச்சு நம் பக்கம் திரும்பிவிடும். "ஏன், ராத்திரி தூங்கவில்லையா?" என்றால் அது அவரிடமே இருக்கும். "எனக்கும்தான்" என்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நானும் உன்னைப் போலத்தான் என்று சொல்லத்தான் நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதுவே நடந்தால், எதிரில் இருப்பவர் தன் பேச்சை முடித்ததே இல்லை என்று ஆகிவிடும். அம்மாவைப் பற்றி அவள் இன்னும் என்ன சொல்லவிருந்தாள் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

அப்புறம், "எவ்வளவோ செய்திருக்கிறேன்" என்ற வரி. அது பொய்யில்லை. ஆனால் அதே 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள், குடும்ப வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவன் மனைவியரைத் தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழு அளவையே தாண்டியது. சண்டை மூட்டுவது போன்ற கெட்ட விஷயங்களிலும் தங்கள் பங்கை மக்கள் கூட்டித்தான் சொன்னார்கள், அதனால் இதைப் பெருமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாம் செய்தது நமக்கு உள்ளிருந்தே தெரியும்: தூக்கம் கெட்டது, வேலையைத் தள்ளிப்போட்டது, எல்லாம் நினைவில் இருக்கும். அவள் உங்களுக்காகச் சொல்லாமல் விழுங்கியது எதுவும் உங்கள் கணக்கில் ஏறியிருக்காது, ஏற வழியும் இல்லை.

உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. அவள் உங்களிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறாளே, அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! நட்பு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை, சும்மா விலகிப் போய்விடுவார்கள்.

மன்னிப்புக் கேட்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். "நீ அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை" என்று ஆரம்பித்தால் அவள் மறுபடியும் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டே வரி போதும்: "நீ சொன்னது சரி. அன்றைக்கு அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்ததை நான் பாதியில் நிறுத்திவிட்டேன், இப்போது சொல்கிறாயா?" அவள் சொல்லும்போது உங்கள் அம்மாவின் ஞாபகம் வரும், வரட்டும். அதைச் சொல்லாமல், அவள் கடைசியாகச் சொன்னதைப் பற்றி இன்னொரு கேள்வி கேளுங்கள்.