நூலகர் கேள்வி பதில்: இலவசமாகத் திறந்தால் மட்டும் போதுமா?

திறந்த அணுகல் இதழ்கள் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை), நிறுவனக் களஞ்சியங்கள் (ஒரு நிறுவனம் தன் ஆய்வாளர்களின் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் இணையத் தளங்கள்) பற்றிக் கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்கள் அனுப்பியவற்றிலிருந்து ஐந்து கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஆய்வு மாணவர் ஒருவர் கட்டுரையின் டிஓஐ எண்ணோடு, அதாவது அதன் நிரந்தர இணைய அடையாள எண்ணோடு, வருகிறார். அந்த இதழுக்கு எங்களிடம் சந்தா இல்லை. எங்கே, எந்த வரிசையில் தேட வேண்டும்?

முதலில் அன்பேவால், அதாவது கட்டுரைகளின் இலவசப் பிரதிகளைத் தேடித் தரும் கருவி. பிரவுசரில் நீட்சியாக நிறுவிக்கொண்டால் கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பூட்டுக் குறி தெரியும். அது பச்சையாகத் திறந்திருந்தால் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கோ இருக்கிறது. டிஓஐயை வைத்துத்தான் இது தேடும். டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளுக்கு உதவாது. அடுத்து கூகுள் ஸ்காலரில் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் கொடுத்துத் தேடி, முடிவின் கீழே வரும் மற்ற பதிப்புகளையும் திறந்து பாருங்கள். பிறகு களஞ்சியங்களில் உள்ளவற்றைத் தேடித் தரும் கோர், பேஸ் ஆகிய இரண்டு தளங்களும். அங்கும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். பதில் வரும்வரை காத்திராமல் நூலகங்களுக்கிடையிலான இரவல் கோரிக்கையையும் அன்றே அனுப்பிவிடுங்கள்.

பிரதி கையில் வந்ததும், அது எந்த வடிவம் என்று மாணவருக்குச் சொல்ல வேண்டும். களஞ்சியத்தில் கிடைப்பது பெரும்பாலும் கட்டுரையாளர் தட்டச்சு செய்த கைப்பிரதி. அதன் பக்க எண்ணும் இதழில் வந்த பக்க எண்ணும் பொருந்தாது. அந்த எண்ணை அப்படியே அடிக்குறிப்பில் போட்டுவிட்டு ஆய்வேட்டில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இன்னொன்று, பதிப்பகமே உரிமம் எதுவும் குறிப்பிடாமல் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கட்டுரைகள். அவை எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம். அவற்றை நம்பிப் பாடத்திட்ட வாசிப்புப் பட்டியல் தயாரிக்காதீர்கள்.

கேள்வி: "என் கட்டுரைதானே, களஞ்சியத்தில் ஏற்றுங்கள்" என்று பேராசிரியர்கள் இதழில் வந்த பிடிஎஃபை அனுப்புகிறார்கள். ஏற்றலாமா?

கட்டுரை சிசி பை (எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) போன்ற உரிமத்தில் வெளிவந்திருந்தால் தாராளமாக ஏற்றலாம். சந்தா இதழில் வந்திருந்தால் பெரும்பாலும் கூடாது. எழுதியவர் அவரேதான், ஆனால் வெளியிடும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பதிப்புரிமையையோ வெளியிடும் தனியுரிமையையோ பதிப்பகத்துக்குக் கொடுத்திருப்பார். அதற்காகக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். நூலகர் உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுதான்.

ஒரு கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. மதிப்பீட்டுக்கு முன் அனுப்பிய முன்வரைவு, மதிப்பீட்டாளர் சொன்ன திருத்தங்கள் செய்யப்பட்டு ஏற்கப்பட்ட கைப்பிரதி, பதிப்பகம் பக்கம் அமைத்து வெளியிட்ட இறுதிப் பிரதி. பல பதிப்பகங்கள் இரண்டாவதைக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன, சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளைப் பார்க்க பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் ஓப்பன் பாலிசி ஃபைண்டருக்குப் போங்கள். முன்பு ஷெர்பா ரோமியோ என்று நாம் பயன்படுத்தியது இதைத்தான். இதழின் பெயரை விட ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்) கொடுத்துத் தேடுவது நல்லது, ஒரே பெயரில் பல இதழ்கள் இருக்கின்றன. எந்த வடிவம், எந்த இடத்தில், எத்தனை மாதத் தடைக்காலம் (பிரதியைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டிய காலம்), எந்த உரிமம் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பதிப்பகத்தின் சொந்தக் கொள்கைப் பக்கத்தையும், முடிந்தால் பேராசிரியரிடம் உள்ள ஒப்பந்தத்தையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துவராவிட்டால் ஒப்பந்தத்தில் இருப்பதே செல்லும்.

"ஏற்கப்பட்ட கைப்பிரதியை அனுப்புங்கள்" என்று கேட்டால் பலர் மெய்ப்புப் படியை அனுப்புவார்கள். அது ஆகாது. பதிப்பகத்தின் சின்னமோ பக்க அமைப்போ இருந்தால் அது பதிப்பகத்தின் வேலை. "கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வருவதற்கு முன் கடைசியாக நீங்கள் அனுப்பிய வேர்டு கோப்பு" என்று கேளுங்கள், சரியானது வரும். தொலைத்துவிட்டார் என்றால் இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் அவருடைய கணக்கில் பெரும்பாலும் கிடைக்கும். ஏற்கப்பட்ட அதே வாரத்தில் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கினால் இந்தத் தேடலே மிச்சம்.

தடைக்காலம் எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. இணையத்தில் முன்கூட்டி வந்த தேதிக்கும் இதழின் வெளியீட்டுத் தேதிக்கும் பல மாத இடைவெளி இருக்கலாம். எதை எண்ண வேண்டும் என்று கொள்கையிலேயே பாருங்கள். டிஸ்பேஸ் என்னும் களஞ்சிய மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் தடையைக் கோப்பின் மீது மட்டும் வையுங்கள். பதிவு முழுவதையும் மறைத்துவிட்டால் தலைப்பும் சுருக்கமும்கூட யார் கண்ணிலும் படாது. இறுதிப் பிரதியின் டிஓஐ இணைப்பைப் பதிவில் சேர்க்க மறக்க வேண்டாம், பல பதிப்பகங்கள் அதை நிபந்தனையாகவே வைத்திருக்கின்றன.

கேள்வி: திறந்த இதழ்களை எங்கள் தேடல் தளத்தில் சேர்த்தோம். சில இணைப்புகள் உள்நுழையச் சொல்கின்றன, சில செத்துக் கிடக்கின்றன. ஏன்?

உள்நுழையச் சொல்வதற்குக் காரணம் பிராக்ஸி முன்னொட்டு, அதாவது வாசகரை நூலகத்தின் உள்நுழைவு வழியாக அனுப்ப இணைப்பின் முன் சேர்க்கும் முகவரி. சந்தா இதழ்களுக்கு வைத்த அமைப்பு திறந்த தொகுப்புகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொகுப்புகளுக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

செத்த இணைப்புகளுக்குக் காரணம், ஒருமுறை இறக்கிய பட்டியலையே வைத்திருப்பது. 2003இல் தொடங்கிய, திறந்த இதழ்களின் பட்டியலான டிஓஏஜே தன் தரவை சிஎஸ்வி அட்டவணைக் கோப்பாகவும் ஓஏஐ-பிஎம்எச் என்னும் தரவு சேகரிப்பு முறை வழியாகவும் இலவசமாகத் தருகிறது. இதழ்கள் அதில் சேர்வதும் நீக்கப்படுவதும் தொடர்ந்து நடக்கும். ஒவ்வொரு இதழுக்கும் கையால் பதிவு உருவாக்காமல், அறிவுத் தளத்தில் (தேடல் தளத்துக்குப் பின்னால் உள்ள இதழ்த் தொகுப்புகளின் தரவுத்தளம்) தொகுப்பாக இயக்கிவிட்டால் மாற்றங்கள் தானாக வரும்.

சில இதழ்களோ உண்மையிலேயே மறைந்துவிடுகின்றன. 2000க்கும் 2019க்கும் இடையில் 170க்கும் மேற்பட்ட திறந்த இதழ்கள் இணையத்திலிருந்து மறைந்ததை ஓர் ஆய்வு கண்டறிந்தது. உங்கள் துறைகள் அதிகம் நம்பும் இதழ்களையாவது கீப்பர்ஸ் ரெஜிஸ்ட்ரியில் தேடி, கிளாக்ஸ், போர்ட்டிகோ போன்ற ஏதாவது ஒரு காப்பகத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கலப்பு இதழ்களின் (சில கட்டுரைகளை மட்டும் திறந்து வைக்கும் சந்தா இதழ்கள்) திறந்த கட்டுரைகள் இந்த வழியில் சிக்காது, ஏனெனில் இணைப்புத் தீர்ப்பான் (தேடல் முடிவிலிருந்து முழுக் கட்டுரைக்கு வழிகாட்டும் மென்பொருள்) இதழ் அளவில்தான் யோசிக்கும். அதற்கு அன்பேவால் ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் அதனிடம் நேரடியாகத் தரவு கேட்கும் வழி) இணைக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் போதும், நாளொன்றுக்கு ஒரு லட்சம் கேள்விகள் வரை இலவசம்.

கேள்வி: "ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், கட்டணம் செலுத்துங்கள்" என்று ஓர் இதழ் எங்கள் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறது. ஐஎஸ்எஸ்என் உண்டு, டிஓஏஜேயில் இருப்பதாகவும் சொல்கிறது. நம்பலாமா?

ஐஎஸ்எஸ்என் வெறும் அடையாள எண். தரத்துக்கு அது சான்றல்ல. டிஓஏஜேயில் இருக்கிறதா என்பதை இதழின் தளத்தில் உள்ள சின்னத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் டிஓஏஜேயிலேயே தேடுங்கள். 2014இல் அது தகுதிகளைக் கடுமையாக்கி எல்லா இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. விண்ணப்பிக்காத ஏறத்தாழ 3,300 இதழ்கள் 2016இல் நீக்கப்பட்டன. பழைய சின்னத்தை எடுக்காமல் வைத்திருப்பது சிரமமான காரியமில்லை.

இதைவிட ஆபத்தானவை கடத்தப்பட்ட இதழ்கள். நல்ல இதழின் பெயரும் ஐஎஸ்எஸ்என்னும் அப்படியே இருக்கும், இணையதளம் மட்டும் போலி. ஐஎஸ்எஸ்என் தளத்திலும் டிஓஏஜேயிலும் பதிவான முகவரியை, மின்னஞ்சலில் வந்த முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அந்தத் தளத்தில் உள்ள பழைய வெளியீடுகளிலிருந்து இரண்டு மூன்று டிஓஐ எண்களை எடுத்து டிஓஐ தளத்தில் இடுங்கள். திறக்காவிட்டாலோ வேறு கட்டுரைக்குப் போனாலோ அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. பதிப்பாசிரியர் குழுவில் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைப் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே வாரத்தில் முறையான மதிப்பீடு நடப்பது மிக அரிது. இந்த இதழுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

டிஓஏஜேயில் இல்லாத இதழ் எல்லாம் மோசடி என்றும் சொல்லிவிடாதீர்கள். புதிய இதழ்களும் சிறிய கழகங்களின் இதழ்களும் விண்ணப்பிக்காமலேயே இருக்கலாம்.

கேள்வி: சிசி பை-என்சி-என்டி உரிமமுள்ள கட்டுரையை மொழிபெயர்த்து மாணவர்களுக்குத் தரலாமா?

மொழிபெயர்த்துப் பகிர அந்த உரிமம் இடம் தராது. என்சி என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது, என்டி என்றால் மாற்றியமைத்த வடிவத்தைப் பகிரக் கூடாது, மொழிபெயர்ப்பும் மாற்றியமைப்புதான். கட்டுரையாளரிடமோ உரிமை வைத்திருக்கும் பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாற்றமில்லாமல் முழுக் கட்டுரையை இலவசமாகக் கொடுப்பதில் தடையில்லை. கட்டுரையாளர் பெயர், தலைப்பு, மூலத்தின் இணைப்பு, உரிமத்தின் இணைப்பு ஆகியவை இருக்க வேண்டும். சிசி பை என்றால் மொழிபெயர்க்கலாம், இந்த விவரங்களோடு மாற்றம் செய்ததையும் குறிப்பிட்டால் போதும். ஆனால் கட்டுரைக்குள் உள்ள படங்களின் அடியில் "அனுமதியுடன் எடுத்தாளப்பட்டது" என்று இருந்தால் அந்தப் படம் இந்த உரிமத்துக்குள் வராது. அதை மட்டும் நீக்கிவிட்டு இணைப்பைக் கொடுங்கள்.