அப்பலாச்சியன் டிரெயிலைப் பகுதி பகுதியாக நடக்கத் திட்டமிடும்போது, ஒரு செங்குத்தான ஏற்றம் எவ்வளவு கடினம் என்று எப்படி முன்கூட்டியே கணிப்பது?

நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், ஆண்டுக்கு ஒரு வாரம் லீவு போட்டு, அமெரிக்காவின் கிழக்கே ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை மலைகள் வழியாகப் போகும் இந்த நெடும் நடைபாதையைத் துண்டு துண்டாக முடிக்க ஆசை, ஆனால் கைடில் உள்ள உயரப் படத்தைப் பார்த்தால் எல்லா மலையும் ஒரேபோல மிரட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிரட்டத்தான் செய்யும். பத்து இருபது மைல் நீளத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டியிருப்பதால், அந்தப் படங்களில் உயரத்தைப் பல மடங்கு இழுத்து வரைவார்கள். அதே விகிதத்தில் நீளத்தையும் வரைந்தால் கோடு ஏறக்குறைய தட்டையாகத் தெரியும். அதனால் படத்தின் தோற்றத்தை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்.

டிரெயிலில் எல்லோரும் பேசும் கணக்கு, மைலுக்கு எத்தனை அடி ஏற்றம் என்பது. 300, 400 அடி என்றால் பேசிக்கொண்டே ஏறலாம். 500-ஐத் தாண்டினால் பேச்சு குறையும். 1,000 அடி என்றால் கிட்டத்தட்ட 19 சதவீதச் சரிவு, யார் ஏறினாலும் மூச்சு வாங்கும். அது எவ்வளவு தூரத்துக்கு நீள்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வட கரோலினாவில் ஸ்டெகோவா கேப் என்ற கணவாய்க்கு வடக்கே ஜேக்கப்ஸ் லேடர் என்று ஓர் ஏற்றம் உண்டு, அரை மைல் சொச்சத்தில் 600 அடி. பெயரைக் கேட்டாலே ஆட்கள் நடுங்குவார்கள். நிதானமாக ஏறினாலும் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். அதற்காக ஒரு நாள் திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை.

சரி, இந்த எண் எங்கே ஏமாற்றும்? மூன்று மலைகளைச் சொல்கிறேன். வர்ஜீனியாவில் டை நதியிலிருந்து 'தி பிரீஸ்ட்' உச்சி வரை நாலேகால் மைல் சுமாரில் 3,000 அடி. நியூ ஹாம்ப்ஷயரில் கின்ஸ்மன் நாட்ச் (நாட்ச் என்றாலும் கணவாய்தான்) என்ற இடத்திலிருந்து பீவர் புரூக் பாதை வழியாக மூசிலாக் உச்சிக்கு 3.8 மைலில் 2,900 அடிக்குச் சற்று மேல். மெய்னில் டிரெயிலின் வடகோடியான கடாடின், 5.2 மைலில் சுமார் 4,200 அடி. சராசரி போட்டால் மூன்றும் மைலுக்கு 700-லிருந்து 800 சுமாருக்குள்தான் வரும். காகிதத்தில் மூன்றும் அண்ணன் தம்பிகள்.

பிரீஸ்ட்டில் உங்களுக்கு வேண்டியது பொறுமை மட்டும்தான். பெரும்பாலும் கொண்டை ஊசி வளைவுகளாக, ஒரே சீராக ஏறிக்கொண்டே இருக்கும். சட்டை பிழியப் பிழிய வியர்க்கும், கை வேலை எதுவும் இல்லை. மூசிலாக்கில் கதையே வேறு. முதல் ஒன்றரை மைலிலேயே ஏறக்குறைய 1,900 அடி ஏறிவிடும், அதாவது மைலுக்கு 1,250-க்கு மேல். பக்கத்திலேயே அருவி விழுந்துகொண்டிருக்கும், பாறை எப்போதும் ஈரம். வழுக்குப் பாறையில் மரக்கட்டைகளை அறைந்து படியாக்கி வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. அனுபவமில்லாதவர்கள் வேறு பாதையில் போங்கள் என்று தொடக்கத்திலேயே பலகை வைத்திருப்பதைச் சும்மா மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். கடாடினில் தொடக்கம் சுலபம், கடைசி ஒரு மைலும் அகன்ற மேட்டு நிலம். இரண்டும் சேர்ந்து சராசரியைக் கீழே இழுத்துவிடுகின்றன. நடுவில் உள்ள பாறை முகட்டில் கைத்தடிகளை மடித்துப் பையில் செருகிவிட்டு, இரும்புக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டிவரும்.

ஆகவே மொத்த ஏற்றத்தை மொத்த தூரத்தால் வகுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அரை மைல், அரை மைலாக வெட்டி, அதில் மோசமான துண்டு எது என்று தேடுங்கள். டிரெயிலுக்கான கைபேசி ஆப்பிலோ சமஉயரக் கோட்டு வரைபடத்திலோ பத்து நிமிட வேலை இது. அப்போதும் ஒன்று தப்பும்: கோடுகளுக்கு நடுவே 40 அடி இடைவெளி என்றால், அதற்குள் 30 அடிப் பாறைச் சுவரே ஒளிந்துகொள்ளலாம்.

எண் இப்படி ஏமாற்றுவதற்கு உச்சகட்ட உதாரணம் மெய்னில் உள்ள மஹூசக் நாட்ச். உயரப் படத்தில் அது கண்ணிலேயே படாது, ஏனென்றால் ஏற்றமே கிடையாது. வீடு அளவுக்கு உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு மேலும் கீழும் நடுவிலும் ஒரு மைல். அந்த ஒரு மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆவது சாதாரணம், சில இடுக்குகளில் பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டுத்தான் நுழைய முடியும். அது முடிந்த கையோடு மஹூசக் ஆர்ம் என்ற மலை வருகிறது, மைலுக்கு ஏறக்குறைய 1,000 அடி, அதிலும் வழுக்குப் பாறை. இரண்டையும் ஒரே பிற்பகலில் போட்டுத் திட்டம் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எண் தப்பில்லை, கால் வைக்கும் இடத்தைப் பற்றி எண் எதுவும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தெற்கே உள்ள பிரீஸ்ட்டுக்கும் வடக்கே உள்ள மற்ற மலைகளுக்கும் ஏன் இந்த வித்தியாசம் என்றால், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் எல்லாம் அடங்கிய நியூ இங்கிலாந்தின் பழைய பாதைகள் பல வளைவு நெளிவு இல்லாமல் நேராக உச்சியைப் பார்த்து வெட்டப்பட்டவை. நேர்ப்பாதையில் மழைநீர் ஓடை மாதிரி இறங்கி மண்ணை அரித்துவிட்டது, இப்போது மிஞ்சியிருப்பது பாறையும் வேரும்.

அப்புறம் மற்றவர்களின் கருத்துகள். பெரும்பாலும் முழு டிரெயிலையும் ஒரே மூச்சில் நடப்பவர்கள் எழுதுவதுதான் ஆப்பில் இருக்கும். ஜார்ஜியாவிலிருந்து கிளம்பியவர் கடாடினுக்கு வரும்போது 2,000 மைலுக்கு மேல் நடந்த கால்களோடு வருகிறார். அவர் 'பரவாயில்லை' என்று எழுதினால், நாற்காலியிலிருந்து எழுந்து வரும் நமக்கு அது பரவாயில்லை அல்ல. தெற்கே வட கரோலினாவில் நாண்டஹாலா ஆற்றிலிருந்து சியோவா பால்ட் என்ற மலையுச்சிக்கு ஏறும் 8 மைல், 3,300 அடி ஏற்றத்தைப் பற்றி அவர்கள் புலம்புவதை நான் அதிகம் நம்புவேன். அங்கே அவர்களும் கிட்டத்தட்ட புதுக்கால்தான். தெற்கே ஒரு வாரம் போவதாக இருந்தால் அதை முதல் நாளில் வைக்காதீர்கள், பை முழுச் சாப்பாட்டோடு கனத்துக் கிடக்கும். வைத்தே ஆக வேண்டும் என்றால் உச்சிக்குச் சுமார் ஒரு மைல் முன்னால் சாசஃப்ராஸ் கேப்பில் ஷெல்டர் இருக்கிறது, அன்றைக்கு அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குக்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன விதி இன்றும் நல்ல தொடக்கம்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். பிரீஸ்ட்டுக்கு அதன்படி மூன்று மணி நேரம் வரும். நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளுக்கான கைடுகளில் மைலுக்கு அரை மணி, 1,000 அடிக்கு அரை மணி என்று போடுவார்கள், அது மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கும். முதுகில் 30 பவுண்ட் இருந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன். தெற்கு மெய்னுக்கு அதையும் ஒன்றரை மடங்காக்குவேன். இறக்கத்தில் நேரத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள், பாறைப் பாதையில் இறங்க ஏறிய நேரமே ஆகும், முட்டியும் வீங்கும். பகுதி பகுதியாக நடப்பவருக்கு ஒரு சௌகரியம், திசையை நாமே தேர்ந்தெடுக்கலாம். மூசிலாக்கை வடக்கிலிருந்து தெற்காக நடந்தால் அந்த அருவிப் பாறையில் ஏறுவீர்கள், மறுபுறம் கிளென்கிளிஃப் பக்கம் சாதுவாக இறங்கலாம். ஈரப் பாறையில் ஏறுவது இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

இதெல்லாம் போக, உங்கள் சொந்த எண் ஒன்று வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. வெர்னான் அருகே 94-ம் சாலையிலிருந்து வாவயாண்டா மலையின் பின்வீல் விஸ்டா வரை, ஒன்றரை மைலுக்குச் சற்றுக் குறைவு, சுமார் 900 அடி. தொடக்கத்தில் சமதளப் புல்வெளி, பிறகு கல்படிகளாக ஏற்றம். ஒரு வாரத்துக்குத் தூக்கப் போகும் அதே எடையைப் பையில் போட்டுக்கொண்டு, நிற்காமல் ஏற முடிகிற வேகத்தில் ஏறி, படி தொடங்கும் இடத்திலிருந்து உச்சி வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரீஸ்ட் இதைப்போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். இரண்டாவது, மூன்றாவது பங்குகளுக்குக் களைப்புக்கென்று கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வார இறுதியில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், காலையிலேயே போய்விடுங்கள்.