புது பேட்டரியும் இறங்குகிறதா? முதலில் மீட்டரை எடுங்கள்

கேள்வி: எட்டு மாதத்தில் என் பைக்குக்கு இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மறுபடியும் காலையில் செல்ஃப் போட்டால் 'டக் டக்' சத்தம்தான் வருகிறது. கிக்கரும் இல்லாத வண்டி. கடையில் மூன்றாவது பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி போகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரியை வெளியே முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரியும்போதே ஆக்சிலேட்டரை முறுக்கி 4000 ஆர்பிஎம் அளவில் பிடித்து, பேட்டரி முனைகளில் அளங்கள். சுமார் 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி வீங்குவதும் பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் இதனால்தான். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவே இல்லை.

ஏறவில்லை என்றதும் பலரும் இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலையோ ரெகுலேட்டரையோ மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டுக்கும் நடுவில் வயர்களை இணைக்கும் பிளக்கை, அதாவது கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதிக் கோளாறு அங்கேதான். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின் கறுத்து, அதன் பக்கத்து வயர் காய்ந்த குச்சிபோல் விறைத்திருக்கும். பின்னைச் சுரண்டிவிட்டால் கொஞ்ச நாள்தான் ஓடும். கப்ளரையே மாற்றுங்கள்.

கப்ளர் சுத்தமா? அப்படியானால் காயிலைச் சோதியுங்கள். மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டிகளில், கப்ளரைக் கழற்றிய நிலையில், எந்த வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் மீட்டர் தொடர்பு (கன்டினியூட்டி) காட்டக் கூடாது. காட்டினால் காயில் எரிந்திருக்கிறது. அப்புறம் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டிரண்டு வயராக அளங்கள். மூன்று ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டி, ஆக்சிலேட்டரோடு சேர்ந்து ஏற வேண்டும். ஷாக் அடிக்கும் அளவு வோல்டேஜ் வரும், முனைகளைக் கையால் தொடாதீர்கள். காயிலும் வயரிங்கும் எர்த்தும் சரியாக இருந்தால் மட்டும் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

சார்ஜிங் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால், பெரும்பாலும் நிறுத்திய வண்டியில் கரண்ட் கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். சில மில்லி ஆம்பியர் இருக்கலாம். அதிகம் காட்டினால், தனியாகப் போட்ட ஜிபிஎஸ், அலாரம், ஃபாக் லைட் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அழுத்த வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கமும் வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியான ஈசியு போய்விட்டால், அந்தச் செலவுக்குப் பல பேட்டரி வாங்கலாம்.